சுடச் சொன்னது யார்?

தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போராடியவர்கள்மீது போலீசைச் சுடச் சொன்னது யார் என்று ஊரே கேட்டது. பிறகு வெளியே வந்த முதல் தகவல் அறிக்கைகளில் பதில் இருந்தது. மாவட்ட ஆட்சியர் அல்ல, எஸ்.பி.யும் அல்ல. துணை வட்டாட்சியர் நிலையிலிருந்த வருவாய்த்துறை அலுவலர்கள். பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நாம் போய் நிற்கிற தாலுகா அலுவலகத்து அதிகாரிகள். துணைத் தாசில்தார் சொன்னால் சுட்டுவிடலாமா என்று பலரும் அதிர்ந்துபோனார்கள்.

சட்டப்படி சொல்லலாம். சிக்கல் அங்கே இல்லை. அந்த உத்தரவு எந்த நிலைமையில் செல்லும், அதற்குமுன் என்னென்ன செய்திருக்க வேண்டும், செய்யாவிட்டால் யாரைக் கேட்பது என்பதில்தான் இருக்கிறது.

கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129 முதல் 132 வரையிலான பிரிவுகளில் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 148 முதல் 151 வரை. எண்தான் மாறியது, சாரம் அதேதான். சட்டவிரோதக் கூட்டத்தையோ, பொது அமைதியைக் குலைக்கக்கூடிய ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் கூட்டத்தையோ கலைந்துபோகச் சொல்ல மூன்று பேருக்கு அதிகாரம் உண்டு: நிர்வாக நடுவர், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி, அவர் இல்லாதபோது எஸ்.ஐ.க்குக் குறையாத காவல் அதிகாரி. வருவாய்த்துறையில் தாசில்தாரும், அரசு நியமித்தால் துணைத் தாசில்தாரும் இந்த நிர்வாக நடுவர் பட்டியலில் வருகிறார்கள். நடுவர் என்ற பெயரைக் கேட்டு நீதிபதி என்று நினைத்துவிடக் கூடாது. இவர்கள் அரசு நிர்வாகத்தின் ஆட்கள். நீதிமன்றத்தில் வழக்கு கேட்கிறவர்கள் அல்லர்.

கலையச் சொன்ன பிறகும் கூட்டம் கலையவில்லை என்றால், அல்லது கலையமாட்டோம் என்று நடத்தையிலேயே காட்டினால், பலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். எவ்வளவு பலம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கலைப்பதற்குத் தேவையான அளவுக்கு, மிகக் குறைந்த பலம், மிகக் குறைந்த காயம், மிகக் குறைந்த பொருட்சேதம் என்ற வாசகம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது இருப்பது ராணுவத்தை அழைக்கும் அடுத்த பிரிவில். காவல்துறைக்கான பிரிவில் அது எழுதப்படவே இல்லை. ராணுவத்துக்குப் பொருந்துகிற கட்டுப்பாடு போலீசுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றங்கள்தான் சொல்லிச் சொல்லி நிலைநிறுத்த வேண்டியிருந்தது. பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் 1979இல் கரம் சிங் வழக்கில் மூன்று நிபந்தனைகளை வைத்தது. கூட்டம் வன்முறை நோக்கமுள்ளதாகவோ அமைதியைக் குலைக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும். கலைந்துபோக உத்தரவு கொடுத்திருக்க வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் கலையாமல் இருந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பலப்பிரயோகம் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது.

இங்கே 144 தடை உத்தரவைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். புதிய சட்டத்தில் அது பிரிவு 163. தடையை மீறிக் கூடினார்கள், அதனால் சுட்டோம் என்று அதிகாரிகள் பேசுவதைக் கேட்கிறோம். தடை உத்தரவை மீறுவது ஒரு குற்றம், அவ்வளவுதான். கைது செய்யலாம், வழக்குப் போடலாம், கலையச் சொல்லலாம். மீறியவரின் நெஞ்சில் சுட அது உரிமை தரவில்லை. 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள் இதைத் தெளிவாகவே வைக்கின்றன. வன்முறையில் இறங்கிவிட்ட கூட்டத்திலும்கூட, வேறு வழி பலிக்காதபோது, உயிருக்கோ கடுங்காயத்துக்கோ உடனடி ஆபத்து இருக்கும்போது மட்டுமே துப்பாக்கி. அதுவும் அந்த ஆபத்தை உண்டாக்குகிற ஆளை நோக்கி மட்டும்.

இனி ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். முதல் படி எச்சரிக்கை. கேட்க எளிதாக இருக்கிறது, களத்தில் முதலில் கெடுவதும் இதுதான். பல்லாயிரம் பேர் முழக்கமிட்டு வரும் சாலையில் ஒரு ஜீப்பின் ஒலிபெருக்கி முன்வரிசையைத் தாண்டிக் கேட்காது. எச்சரிக்கை என்றால் மக்கள் பேசும் மொழியில், பல இடங்களிலிருந்து, திரும்பத் திரும்ப, எழுத்துப் பதாகையோடு இருக்க வேண்டும். கலைந்துபோக நேரம் கொடுக்க வேண்டும். போவதற்கு வழியும் விட வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்ட கூட்டத்தில் முன்னால் நிற்பவர் விரும்பினாலும் திரும்ப முடியாது. பின்னால் வருகிறவர்களின் எடை அவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அவர் முன்னேறுகிறார் என்று தடுப்புக்கு அப்பால் நிற்கும் காவலருக்குத் தோன்றும். பக்கவாட்டுத் தெருக்களையும் தடுப்பு வைத்து அடைத்துவிட்டுக் கலையச் சொல்வதை உத்தரவு என்றே எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது தடியடி. லத்தியின் அடி இடுப்புக்குக் கீழே, சதைப்பற்றுள்ள தொடையிலும் காலிலும் விழ வேண்டும் என்பது பயிற்சி விதி. தலை, கழுத்து, முதுகுத்தண்டு, சிறுநீரகப் பகுதி கூடாது. தோளுக்கு மேலே ஓங்கி இறக்கும் அடி எங்கே விழும் என்று அடிப்பவராலேயே சொல்ல முடியாது. ஓடுகிறவர் குனிந்தால் அது மண்டையில் விழும். ஓடுகிறவரைத் துரத்தி அடிப்பதும், விழுந்துகிடப்பவரைச் சூழ்ந்து அடிப்பதும் கலைப்பதாகாது. கலைந்தாயிற்றே! அனிதா தாகூர் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: நிலைமை கட்டுக்குள் வந்த பிறகும் தொடரும் அடி உரிமை மீறல். தொடக்கத்தில் கூட்டத்தின் பக்கம் தவறு இருந்திருந்தாலும் அப்படித்தான்.

கண்ணீர்ப்புகை என்று நாம் சொல்வது உண்மையில் வாயு அல்ல. சி.எஸ். என்ற வேதித் தூளின் நுண்துகள் புகையாகப் பரவுவது. இந்தியக் காவல்துறைகளுக்கான குண்டுகள் பெரும்பாலும் குவாலியர் அருகே தேகன்பூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் பிரிவில் தயாராகின்றன. 1976 முதல் அது இயங்குகிறது. குழல் துப்பாக்கியிலிருந்து சுடுவது 38 மி.மீ. குண்டு, கையால் வீசும் வகையும் உண்டு. காற்று கூட்டத்தை நோக்கி வீசும் பக்கத்திலிருந்து போட வேண்டும். எதிர்காற்றில் போட்டால் புகை காவலர் முகத்துக்கே திரும்பி, அவர்கள் பதறும் அந்த நிமிடமே நிலைமை கைமீறும். குழலை மேல்நோக்கிச் சாய்த்து, குண்டு வளைந்து போய்க் கூட்டத்தின் ஓரத்தில் விழும்படி சுட வேண்டும். நேராகச் சுட்டால் புகைக்கருவி மண்டையைப் பிளக்கும் எறிபடையாகிவிடும். 2019இல் பாக்தாத்தில் பலர் இறந்தது புகையால் அல்ல. நேராகச் சுடப்பட்ட கனத்த குண்டுகள் தலையில் பாய்ந்ததால். மூடிய இடத்தில் போடவே கூடாது. டெல்லி ராம்லீலா மைதானத்தில் 2011 ஜூன் 4 நள்ளிரவில் பந்தலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது தடியும் புகைக்குண்டும் பயன்பட்டன. காயமடைந்த ஒரு பெண் பின்னர் இறந்தார். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து இழப்பீடு தரச் சொன்னது. கூட்டத்தை நடத்தியவர்களையும் விடவில்லை. இழப்பீட்டில் கால் பங்கு அவர்கள் தலையில் விழுந்தது.

தண்ணீர் பீய்ச்சும் வாகனம் நம்மூர் வெயிலில் பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2010 செப்டம்பர் 30 அன்று 66 வயதான ஒருவரின் இரு கண்களும் அந்த நீர்த்தாரையில் பார்வை இழந்தன. அருகிலிருந்து முகத்துக்கு அடிக்கக் கூடாது என்ற ஒற்றை விதி மீறப்பட்டதன் விலை அது. காஷ்மீரில் 2016இல் கண்களைப் பறித்த பெல்லட் துப்பாக்கியில் நிலைமை இன்னும் மோசம். ஒரு தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான ஈயக் குருணைகள் விரிந்து பாய்கின்றன. எவ்வளவு கவனமாகக் குறிபார்த்தாலும் எங்கே படும் என்பது சுடுபவர் கையில் இல்லை. விதி போட்டுத் திருத்தக்கூடிய கருவி அது இல்லை என்பதே என் கருத்து.

இப்போது துப்பாக்கி. தூத்துக்குடியில் பேசப்பட்ட எஸ்.எல்.ஆர். 7.62 மி.மீ. ரைபிள், போர்க்களத்துக்காகச் செய்யப்பட்டது. குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் பாயும். பல நூறு மீட்டர் தாண்டியும் கொல்லும். ஓர் உடலைத் துளைத்துப் பின்னால் நிற்பவரையும் துளைக்கும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்தது தானாகவே தயாராகிவிடும். பத்து மீட்டரில் கல்லோடு நிற்கும் ஒருவரைத் தடுக்க இந்தக் கருவியை எடுத்தால், அவருக்குப் பின்னால் நூறு மீட்டரில் தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்பவரும் அதே கோட்டில் இருக்கிறார். காலில்தான் குறிபார்த்தோம் என்ற விளக்கமும் எளிதில் நிற்காது. ஓடும் கால் மிகச் சிறிய, நிற்காத இலக்கு. குண்டு தரையில் பட்டுத் தெறித்தால் யார் வயிற்றிலும் பாயலாம். வானத்தை நோக்கிச் சுடுவதும் பாதுகாப்பானதல்ல. மேலே போனது எங்காவது இறங்கும். அதனால்தான் கூட்டத்தின் தலைக்கு மேலே சுடுவதைப் பல காவல் கையேடுகள் தடுக்கின்றன. சுட்டே ஆக வேண்டும் என்றால், பொறுப்பு அதிகாரி பெயர் சொல்லிக் குறிப்பிட்ட காவலர் மட்டும், சொன்ன எண்ணிக்கை மட்டும், தாழ்வாகக் குறிவைத்து, மிக ஆபத்தான ஆளை நோக்கிச் சுட வேண்டும். ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். கூட்டம் பின்வாங்கத் தொடங்கிய கணமே நிறுத்திவிட வேண்டும். இதற்குப் பெயர் கட்டுப்படுத்தப்பட்ட துப்பாக்கிச்சூடு.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போவோம்.

ஸ்டெர்லைட் தாமிர ஆலை விரிவாக்கத்துக்கு எதிராக அ. குமரெட்டியபுரத்தில் 2018 பிப்ரவரி 12 அன்று தொடங்கிய போராட்டத்தின் நூறாவது நாள் மே 22. ஆட்சியர் அலுவலகத்தை முற்றுகையிடப்போவதாக அறிவிப்பு முன்பே வந்துவிட்டது. ஆக, நிர்வாகத்துக்கு இது திடீர் நிகழ்வு அல்ல. தேதி தெரியும், இடம் தெரியும், எந்தெந்தத் தெருக்களிலிருந்து மக்கள் வருவார்கள் என்றும் தெரியும். மே 20 அன்று நடந்த சமாதானக் கூட்டத்துக்கு ஆட்சியர் தலைமை தாங்கவில்லை. சார் ஆட்சியர்தான் நடத்தினார். ஒரு தரப்பு பள்ளி மைதானத்தில் கூட ஒத்துக்கொண்டது, மற்றவர்கள் ஆட்சியர் அலுவலகம்தான் என்று நின்றார்கள். மே 21 இரவு சிப்காட், தென்பாகம் காவல் நிலைய எல்லைகளுக்கு மட்டும் 144 போடப்பட்டது. விடிந்தால் ஊர்வலம். அடுத்த தெருவரை தடை இல்லை, இந்தத் தெருவில் தடை உண்டு என்பது இரவு பத்து மணிக்குமேல் பனிமய மாதா கோயில் பக்கத்து மீனவர் வீடுகளுக்கும் மடத்தூர்க்காரர்களுக்கும் எப்படிப் போய்ச் சேரும்? மறுநாள் ஆட்சியர் கோவில்பட்டியில் இருந்தார். பேச வேண்டிய அதிகாரி ஊரில் இல்லாதபோது, பேசுவதற்கான கடைசி வாய்ப்பும் ஊரில் இருக்காது.

கோரம்பள்ளத்திலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் வாகனங்கள் எரிந்தன, கற்கள் பறந்தன, ஊழியர் குடியிருப்புக்கு ஆபத்து வந்தது, அதனால் சுட்டோம் என்பது காவல்துறையின் தரப்பு. சூடு அங்கே மட்டும் நடந்திருந்தால் அந்த வாதத்தை அந்த இடத்தோடு வைத்துப் பேசலாம். ஆனால் அதே நாளில் மூன்றாவது மைலிலும் திரேஸ்புரத்திலும் சுட்டார்கள். மறுநாள் அண்ணா நகரில் சுட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் எரிந்த வாகனம் திரேஸ்புரத்துத் தெருவில் சுடுவதற்குக் காரணமாக முடியாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி ஆபத்து, தனித்தனி எச்சரிக்கை, தனித்தனி உத்தரவு இருந்ததாகக் காட்ட வேண்டும். இறந்தவர்கள் 13 பேர். இளையவர் 17 வயதுப் பெண்.

இந்தத் துப்பாக்கிச்சூட்டை விசாரிக்க அரசு அமைத்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே 18 அன்று இறுதி அறிக்கையைக் கொடுத்தது. அக்டோபர் 18 அன்று அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடுவதற்கான தூண்டுதல் இல்லை, முறையான எச்சரிக்கை இல்லை, படிப்படியான நடவடிக்கை இல்லை, தப்பி ஓடியவர்கள் மீது சுட்டிருக்கிறார்கள், ஆட்சியர் அலுவலக வளாகப் பூங்காவில் மறைந்திருந்து சுட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் அது பதிவுசெய்தது. ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் 17 ரவுண்டு சுட்டதையும் கண்டித்தது. இந்தக் கடைசி விவரத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எதிரே வந்த ஆபத்துக்காகச் சுடுகிறவர் ஆபத்து வந்த இடத்தில்தான் இருப்பார். ஒரே ஆள் இடம் மாற்றி இடம் கொண்டுபோகப்பட்டார் என்றால், ஆபத்து என்னவென்று தெரிவதற்கு முன்பே தீர்வு துப்பாக்கி என்று யாரோ முடிவுசெய்துவிட்டார்கள். சாதாரண உடையில் வாகனத்தின் மேல் ஏறி ரைபிளால் குறிபார்த்தவரின் காட்சியை நாடே பார்த்தது. உயரத்திலிருந்து தொலைவை நோக்கிக் குறிவைப்பதும், முன்னே பாய்ந்து வருகிறவரைத் தடுப்பதும் ஒன்றல்ல. பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்த ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், இறந்த 13 பேரில் 12 பேருக்குத் தலையிலோ நெஞ்சிலோ குண்டு பாய்ந்திருந்ததையும், அவர்களில் பாதிப் பேருக்குப் பின்னாலிருந்து பாய்ந்திருந்ததையும் 2018 டிசம்பரில் வெளியிட்டது. முதுகைக் காட்டி ஓடுகிறவரால் யாருக்கு உடனடி ஆபத்து?

ஆணையம் காவல்துறையினர் 17 பேர் மீதும், ஆட்சியர் மீதும், மூன்று துணை வட்டாட்சியர்கள் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களோடு அந்தப் பட்டியல் நிற்கவில்லை என்பதுதான் அந்த அறிக்கையின் பெரிய பலம். கடைநிலை நடுவரின் பெயர் காகிதத்தில் இருந்தால் மேலே உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கத்தை அது ஏற்கவில்லை.

பரிந்துரை தண்டனை ஆகாது. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டப்படி அமைக்கப்படும் ஆணையம் உண்மையைத் தேடித் தரும். யாரையும் தண்டிக்காது. ஆணையத்தின் முன் ஒருவர் சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிராகக் குற்ற வழக்கில் பயன்படுத்தவும் முடியாது. தண்டனை வேண்டுமென்றால் புதிதாக வழக்கு, புதிதாகச் சாட்சி. அங்கே எதிரே நிற்பது பிரிவு 151, அதாவது பழைய 132. கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரத்தின்கீழ் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு அரசின் முன் அனுமதியில்லாமல் வழக்குத் தொடர முடியாது. நல்லெண்ணத்தோடு செய்திருந்தால் குற்றமே இல்லை. சுட்ட துறையை நடத்தும் அரசே சுட்டவர் மீது வழக்குப் போடலாமா என்று முடிவுசெய்கிறது. இந்தப் பிரிவு காலனி ஆட்சிக் காலத்துச் சட்டத்திலிருந்து வந்தது. சட்டத்தின் பெயரையே மாற்றி எழுதிய 2023இல்கூட அதைத் தொடவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம். தானாக முன்வந்து வழக்கை எடுத்த தேசிய மனித உரிமை ஆணையம் ஆறு மாதம் முடிவதற்குள், 2018 அக்டோபரிலேயே, அதை மூடிவிட்டது.

அதனால் பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கும் ஆதாரம் முதல் 48 மணி நேரத்தில் எப்படிச் சேர்கிறது என்பதே பிறகு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வீடியோ எடுத்தவர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அனுப்பப்பட்ட பிரதி சுருங்கிப்போயிருக்கும், எப்போது எந்தக் கருவியில் எடுத்தது என்ற தகவல் அதில் இருக்காது. மூலக் கோப்பு அதே போனில் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் கேட்பார்கள். புகைக்குண்டின் கூடு கிடைத்தால் சூடு ஆறிய பிறகே எடுக்க வேண்டும். அதிலுள்ள தொகுதி எண்ணும் தயாரிப்பு ஆண்டும் யாருக்கு வழங்கப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க உதவும். காலி தோட்டாக்களைத் தொடாமல், கிடக்கும் இடம் தெரியும்படி படம் எடுப்பது நல்லது. அதன் பின்புறத் தடயத்தை வைத்து எந்தத் துப்பாக்கி என்று தடயவியல் ஆய்வகத்தால் சொல்ல முடியும். காவல்துறைப் பக்கத்தில் இதற்கு இணையானது ஆயுதப் பதிவேடு: அன்று காலை எந்தக் காவலருக்கு எந்த எண்ணுள்ள துப்பாக்கி, எத்தனை ரவுண்டு கொடுத்தார்கள், மாலையில் எத்தனை திரும்பி வந்தன. இரண்டு எண்களின் வித்தியாசம் சுடப்பட்ட குண்டுகளின் கணக்கு. அந்தப் பக்கங்களையும், கட்டுப்பாட்டு அறையின் வயர்லெஸ் பதிவையும், வளாகத்துக் கண்காணிப்புக் கேமராப் பதிவையும் அழியவிடாமல் வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேட்க வேண்டும். கேமராப் பதிவு சில வாரங்களில் தானாகவே மேலெழுதப்பட்டுப் போய்விடும்.

உயிரிழப்பு நேர்ந்தால் பிரேதப் பரிசோதனையை வீடியோவில் பதிவுசெய்யக் கேட்கலாம். குண்டு நுழைந்த காயமும் வெளியேறிய காயமும் எங்கெங்கே என்பதுதான் சுடப்பட்டவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லும் ஒரே நடுநிலைச் சாட்சி. தூத்துக்குடியில் உடல்களைப் பாதுகாத்து வைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது இதனால்தான் முக்கியமாயிற்று. காவல் நிலையம் புகாரை வாங்காவிட்டால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிறகு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் போகலாம். புதிய சட்டத்தில் அரசு ஊழியர் மீதான புகார் என்றால், நடுவர் விசாரணைக்கு உத்தரவிடும் முன் மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியரின் விளக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று ஒரு கூடுதல் படி சேர்த்திருக்கிறார்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மனு போய்விட வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிடும்.

காயம்பட்டவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு வருகிறது. ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்கள். யார் அடித்தார்கள், எதனால், எங்கே, எத்தனை மணிக்கு என்று நோயாளி சொல்வதை டாக்டர் அதில் எழுதுவார். வழக்கு வரும் என்ற பயத்தில் பலர் அங்கே கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறார்கள். சில இடங்களில் அருகே நிற்கும் காவலர் அப்படிச் சொல்லச் சொல்வதும் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து ஆணையத்தின் முன்னோ நீதிமன்றத்திலோ உடலில் உள்ள தழும்பைக் காட்டும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வாசிப்பது அந்த ஒற்றை வரியைத்தான். போலீஸ் லத்தியால் அடித்தது என்றால் அப்படியே சொல்ல வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். தவறாக இருந்தால் பதிவேடு டாக்டரின் மேசையில் இருக்கும்போதே திருத்தச் சொல்ல வேண்டும்.